நானி கேட்பது ஒரு மொழி, பேரன் சொல்வது ஒரு மொழி

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி தோல் வட்டாரத்தின் வீட்டு மொழியான தக்னி உருது இன்று எங்கே நிற்கிறது? அதைக் காப்பது பள்ளிக்கூடத்தின் வேலையா, வீட்டின் வேலையா?

கலவையில் எங்கள் வீட்டுக்கு எதிர்வீடு நானிமாவுடையது. பேரப்பிள்ளைகள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, தெருவுக்கே அவர் நானிமா ஆகிவிட்டார். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். கல்லூரியில் படிக்கும் பேரன் வெளியிலிருந்து வந்தான்.

"காய்கு நை காயா ரே?" என்று கேட்டார் நானிமா. ஏன்டா சாப்பிடவில்லை என்று அர்த்தம்.

"பசிக்கல நானிமா."

"சா பீத்தா?" டீ குடிக்கிறாயா?

"அப்புறம் குடிக்கிறேன்."

இப்படியே நாலைந்து கேள்வி, நாலைந்து பதில். கேள்விகள் அத்தனையும் தக்னி. பதில்கள் அத்தனையும் தமிழ். இரண்டு பேருக்கும் அதில் எதுவும் வித்தியாசமாகப் படவில்லை. அந்த வீட்டில் பல வருஷமாக அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது.

அந்தப் பையனுக்கு தக்னி புரிகிறது, வாயில் வருவதில்லை. நாளை அவனுக்குப் பிறக்கும் குழந்தையின் காதில் அது விழக்கூட விழாது. ஒரு மொழி ஒரு வீட்டை விட்டு வெளியேற மூன்று தலைமுறை போதும் என்பார்கள். இந்த வீட்டில் இரண்டு ஏற்கெனவே முடிந்துவிட்டது.

என் அம்மாவின் நினைவு வந்தது. அம்மா தமிழ்க் குடும்பம், படித்தது ஐந்தாம் வகுப்பு. மதில் ஓரத்தில் நின்று நானிமாவோடு முப்பது வருஷம் பேசிப் பேசியே தக்னி கற்றுக்கொண்டவர். ரம்ஜானுக்கு வரும் ஷீர் குர்மா பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராமல் பொங்கல் வைத்துத் தருவதுபோல, அவர் தக்னியில் கேட்டால் இவரும் தக்னியில் பதில் சொல்வார். என் அம்மா பேசிய அந்த மொழியை இன்று நானிமாவின் சொந்தப் பேரன் பேசுவதில்லை. இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்த ஒரு நினைப்புதான்.

தாலுகா ஆபீஸில் கேட்கும் குரல்

தக்னி யாரோ சிலருடைய மொழி, நமக்கென்ன என்று நினைப்பவர்கள் ஒரு நாள் கலவை தாலுகா ஆபீஸ் வாசலில் நின்று பார்க்கவேண்டும். பட்டா மாற்ற வந்த ஒரு விவசாயி பேசுவதைக் காது கொடுத்துக் கேளுங்கள். 'தாசில்தார்' கையெழுத்து, 'வாரிசு' சான்று, 'அசல்' ஒன்று, 'நகல்' இரண்டு, 'கிஸ்தி' கட்டிய 'ரசீது', இந்தப் 'பசலி'யில் 'பாக்கி' இல்லை, 'ஜமாபந்தி'க்கு மனு. தமிழைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒருவர் தன் நிலத்தைப் பற்றிப் பேசுகிறார். பாதிச் சொற்கள் பாரசீக, அரபு, உருது வழி வந்தவை.

இது ஆற்காட்டு நவாபின் சர்க்கார் விட்டுச்சென்ற சொல் வழக்கு. கலவையிலிருந்து ஆற்காடு பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்ஃபிகர் கான் 1692-ல் கர்நாடகப் பகுதிக்கு நவாபாக அமர்ந்தார். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சாதத்துல்லா கான் காலத்தில் ஆற்காடு தலைநகரானது. வரி வசூலும் வழக்கும் பாரசீகத்தில் நடந்தன. சந்தையிலும் படை வீடுகளிலும் புழங்கியது தக்னி.

அதற்கு முன்னாலேயே தக்னி இங்கே வந்துவிட்டது. 17ஆம் நூற்றாண்டின் நடுவில் பீஜப்பூர் சுல்தானின் படை வேலூர்க் கோட்டையைப் பிடித்தது. படையோடு வந்த மொழி, படை போன பிறகும் தங்கிவிட்டது. 1799-ல் திப்பு வீழ்ந்ததும் அவருடைய குடும்பத்தை ஆங்கிலேயர் அதே கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது கோட்டைக்குள் தமிழும் தெலுங்கும் தக்னியும் சேர்ந்துதான் ஒலித்திருக்கும்.

தோல் ஷாப்பு வளர்த்த மொழி

நவாப் போனார், கோட்டை கைமாறியது. மொழியை அடுத்துத் தாங்கியது தோல். பாலாற்றுத் தண்ணீர், ஆவாரம்பட்டை, கடுக்காய் இவற்றை நம்பி 19ஆம் நூற்றாண்டில் வாணியம்பாடி, ஆம்பூர், பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை எங்கும் தோல் ஷாப்புகள் எழுந்தன. முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். சுண்ணாம்புக் குழியில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். ஷாப்பில் பழகிய தமிழ்த் தொழிலாளிக்கும் தக்னி வரும். சென்னைப் பெரியமேட்டு மண்டிக்குத் தோல் அனுப்பும் வியாபாரிக்கும் தமிழ் வரும்.

இங்கே ஒரு முக்கியமான உண்மையைச் சொல்லியாகவேண்டும். இந்த வட்டாரத்தின் உருதுக் குடும்பங்கள் எல்லாமே வடக்கிலிருந்து வந்தவை அல்ல. அவற்றில் பல, தமிழ் பேசிய லெப்பைக் குடும்பங்கள். கல்வியும் அந்தஸ்தும் வியாபாரத் தொடர்பும் உருதில் இருக்கின்றன என்று கண்டு வீட்டு மொழியை மாற்றிக்கொண்டவர்கள் அவர்கள். நூறு, நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு தமிழ்த் தாய் தன் பிள்ளையிடம் உருது பேசத் தொடங்கினாள். அந்தப் பிள்ளையின் கொள்ளுப்பேத்தி இன்று தன் பிள்ளையிடம் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறுகிறாள். காரணம் அன்றைக்கும் இன்றைக்கும் ஒன்றுதான்: பிள்ளைக்கு எது சோறு போடும், எது மரியாதை தரும் என்ற கணக்கு. அந்தக் கணக்கைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஆனால் வீட்டு மொழி என்பது மாறக்கூடியது, அதை மாற்றுவது தாய் தகப்பனின் முடிவு என்பதை இந்த வரலாறு அடித்துச் சொல்கிறது. காப்பதும் அதே முடிவால்தான் முடியும்.

தோல் வியாபாரத்தில் வந்த பணத்தைக் கல்வியில் போட்ட வட்டாரம் இது. வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கமும் ஆம்பூர் முஸ்லிம் கல்விச் சங்கமும் 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டிலேயே தோன்றின. 1919-ல் வாணியம்பாடியில் இஸ்லாமியாக் கல்லூரி வந்தது. 1924-ல் ஆம்பூருக்குப் பக்கத்தில் உமராபாத்தில் ஜாமியா தாருஸ்ஸலாம் தொடங்கியது. வேலூரில் அதற்கு முன்பே பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா பேர்பெற்றிருந்தது. பள்ளி உண்டு, கல்லூரி உண்டு, மதரஸா உண்டு, நூலகம் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் உருதைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 1.75 சதவீதம், ஏறத்தாழ 12.6 லட்சம் பேர். அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உருது இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

அந்த 12.6 லட்சத்துக்குள்தான் நானிமாவின் வீடும் இருக்கிறது. கணக்கெடுப்புக்காரர் கேட்டால் பேரனும் 'தாய்மொழி உருது' என்றுதான் சொல்வான்.

தமிழ் நடையில் நடக்கும் உருது

தக்னி என்பது 'கெட்டுப்போன உருது' என்ற எண்ணம் அதைப் பேசுகிறவர்களிடமே ஆழமாக வேர்விட்டிருக்கிறது. வெளியூர் விருந்தாளி வந்தால் 'நல்ல உருது' பேச முயல்வார்கள். முடியாவிட்டால் கூச்சப்பட்டு வாயை மூடிக்கொள்வார்கள். இந்தக் கூச்சம் மொழிக்குச் செய்யும் கேடு பெரியது.

உண்மையில் தக்னி உருதின் மூத்த கிளை. கோல்கொண்டாவை ஆண்ட, 1591-ல் ஹைதராபாத்தை நிறுவிய முகம்மது குலி குதுப் ஷா தக்னியில் கவிதை பாடியவர். 1700-ல் தெற்கிலிருந்து டெல்லிக்குப் போன வலி தக்னியின் கவிதைகள்தான், அதுவரை பாரசீகத்தில் எழுதிக்கொண்டிருந்த டெல்லிக் கவிஞர்களை மக்கள் மொழிப் பக்கம் திருப்பின.

நம் மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. வேலூரில் பிறந்த பாக்கர் ஆகா, 18ஆம் நூற்றாண்டின் பெரும் புலவர். அரபும் பாரசீகமும் கரைத்துக் குடித்தவர். வேலூரில் ஹஸ்ரத் குர்பியிடம் பயின்றவர். அவர் நினைத்திருந்தால் எல்லாவற்றையும் பாரசீகத்தில் எழுதிப் பட்டம் வாங்கியிருக்கலாம். நபிகள் நாயகத்தின் வரலாற்றை எட்டுச் சிறு நூல்களாக அவர் எழுதியது தக்னியில். பாரசீகம் படிக்காத பெண்களுக்கும் எளியவர்களுக்கும் போய்ச் சேரவேண்டும் என்பது அவருடைய எண்ணம். 'எந்த உருதைக் காப்பது' என்று இன்று நடக்கும் விவாதத்துக்கு வேலூர்க்காரர் ஒருவர் இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் எழுதிவைத்திருக்கிறார்: வீட்டில் பெண்கள் எதைப் பேசுகிறார்களோ அதை.

இந்த மொழி நம்முடைய மொழியோடு எவ்வளவு நெருங்கிப் பழகியிருக்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் காட்டலாம். 'வர்றேன்னு சொன்னான்' என்பதை வடக்கத்தி உருதில் சொன்னால், "உஸ்னே கஹா கெ மைன் ஆவூங்கா". 'அவன் சொன்னான்' முதலில் வரும், சொன்ன விஷயம் பின்னால் வரும். தக்னியில் அதுவே, "மைன் ஆத்தூன் போல்கே போல்யா". 'வர்றேன்' முதலில், 'என்று' நடுவில், 'சொன்னான்' கடைசியில். 'போல்கே' என்பது அப்படியே நம்முடைய 'என்று'. சொற்கள் உருது, நடை தமிழும் தெலுங்கும் கன்னடமும் போகிற தென்னாட்டு நடை. 'அவன் வந்தானாம்' என்பதில் அந்த 'ஆம்' எவ்வளவு நுட்பமானது! நான் பார்க்கவில்லை, சொல்லக் கேட்டேன் என்பதை ஒற்றை ஒலியில் சொல்கிறோம். தக்னியில் அதற்கு 'கத்தே' உண்டு: "வோ ஆயா கத்தே." வேண்டாம் என்பதற்கு 'நக்கோ', அழுத்திச் சொல்ல 'ஈச்', இரண்டும் மராட்டியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. ஆமாம் என்பதற்கு 'ஹவ்'. தக்காணத்தில் நடந்துவந்த பாதை முழுவதையும் இந்த மொழி தன் உடம்பில் வைத்திருக்கிறது. இப்படிப்பட்ட மொழியை லக்னோவிலோ டெல்லியிலோ தேடினால் கிடைக்காது. இந்தத் தெருக்களில் போனால் போனதுதான்.

மூன்று பக்கம் இழுக்கும் விவாதம்

ஆம்பூர் பஜார் டீக்கடையிலும் வாணியம்பாடிக் கல்லூரி வராந்தாவிலும் இந்தப் பேச்சை எடுத்தால், மூன்று விதமான வாதங்கள் வருகின்றன.

முதல் வாதம், பள்ளிக்கூடம். உருது வழிப் பள்ளிகள் மெலிந்துகொண்டே வருகின்றன. அவற்றைத் தூக்கி நிறுத்தாமல் மொழியைப் பற்றிப் பேசுவது வீண் என்கிறார்கள். ஆசிரியர் பணியிடங்கள் நிரம்பாமல் கிடப்பது பல ஆண்டுக் குறை. 2006-ல் வந்த தமிழ் கற்றல் சட்டம் ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாகத் தமிழைக் கட்டாயமாக்கியது. பத்தாம் வகுப்புக்கு அது வந்து சேர்ந்தபோது மொழிச் சிறுபான்மைப் பள்ளிகள் நீதிமன்றம் போயின. விலக்கு கேட்பதும், கிடைப்பதும், முடிவதும், மறுபடி கேட்பதுமாக அது 2023-ல் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது.

இரண்டாவது வாதம், வேலை. தமிழ்நாட்டில் பிழைக்கத் தமிழ், உலகத்தில் பிழைக்க ஆங்கிலம், மார்க்கத்துக்கு மக்தபில் ஓதும் அரபு. நான்காவதாக உருதை எங்கே வைப்பது என்று கேட்கிறார்கள் இளம் பெற்றோர். "வீட்டிலும் தமிழே பேசுங்கள், அப்போதுதான் மார்க் வரும்" என்று ஒரு பள்ளியில் சொன்னதாக ஒரு தாய் என்னிடம் சொன்னார். அன்று முதல் வீட்டில் தக்னி நின்றுவிட்டதாம். அவர் பிள்ளையின் நன்மையை நினைத்துத்தான் செய்தார். ஆனால் அந்த யோசனை தவறு. குழந்தை இரண்டு மூன்று மொழிகளைக் குழப்பமில்லாமல் கற்கும் என்பதற்கு இந்த வட்டாரத்துத் தாத்தா பாட்டிகளே சாட்சி. மூன்று மொழியில் பேரம் பேசித்தானே அவர்கள் தோல் வியாபாரம் செய்தார்கள்!

மூன்றாவது வாதம், வீடு. இதை உரக்கச் சொல்கிறவர்கள் குறைவு. சொல்கிறவர்களில் பலர் பெண்கள். பள்ளியில் உருதின் நஸ்தாலிக் எழுத்துக் கற்றுத்தந்து, வீட்டில் யாரும் அந்த மொழியில் வாய் திறக்காவிட்டால் என்ன பலன் என்கிறார்கள். நான் நிற்பது இவர்கள் பக்கம். ஏன் என்பதற்குக் கொஞ்ச தூரம் போய்வரவேண்டும்.

ஸ்காட்லாந்துத் தீவுகள் தரும் பாடம்

ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் கேலிக் என்றொரு பழைய மொழி. 1891-ல் அதைப் பேசியவர்கள் இரண்டரை லட்சம் பேர். 1872-ல் வந்த கல்விச் சட்டம் அந்த மொழியைக் கண்டுகொள்ளவே இல்லை. பள்ளியில் கேலிக் பேசிய பிள்ளையின் கழுத்தில் குச்சியைக் கட்டித் தொங்கவிட்ட கதைகளை அங்கே இன்னும் சொல்கிறார்கள். பெற்றோர் வெட்கப்பட்டார்கள், பிள்ளைகளிடம் ஆங்கிலம் பேசினார்கள், மொழி வற்றியது.

பிறகு காலம் மாறியது. 1985-ல் கேலிக் வழி வகுப்புகள் தொடங்கின. 2005-ல் கேலிக் மொழிக்கென்றே சட்டம் வந்தது, அதற்கொரு வாரியம் அமைந்தது. 2008-ல் தொலைக்காட்சி அலைவரிசை வந்தது. 2025-ல் அந்த மொழியை ஆட்சிமொழியாக ஏற்கும் சட்டத்தையும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒரு சிறுபான்மை மொழி அரசிடம் எதையெல்லாம் கேட்குமோ, ஏறக்குறைய அத்தனையும் கிடைத்துவிட்டது.

ஆனால் 2020-ல் கேலிக் ஆய்வாளர்கள் சிலர் தீவுகளில் நிலைமையை அலசி வெளியிட்ட நூல் நாட்டையே உலுக்கியது. அன்றாட வாழ்வில் கேலிக்கைப் பேசுகிறவர்கள் ஏறத்தாழ 11,000 பேர்தான், அவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், இப்படியே போனால் பத்தாண்டில் ஊர்ப் பேச்சு மொழியாக அது நிற்காது என்றார்கள். 2022 கணக்கெடுப்பில் கேலிக் பேசத் தெரியும் என்றவர்கள் 69,701 பேர். முந்தைய கணக்கைவிட அதிகம்! நகரத்துப் பள்ளிகளில் கற்றவர்கள் கூடியிருக்கிறார்கள். அதே கணக்கில், மேற்குத் தீவுகளில் பேசுவோர் பங்கு பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மொழி பிறந்து வளர்ந்த வீடுகள் காலியாகின்றன.

அங்கே நடக்கும் விவாதமும் நம்முடைய டீக்கடை விவாதமும் ஒன்றுதான். பள்ளிகளுக்குப் பணம் போடுவதா, தீவுக் குடும்பங்களுக்குத் துணை நிற்பதா? சொல்லகராதியும் பெயர்ப் பலகையும் முக்கியமா, தாத்தா பேச்சு பேரனுக்குப் போய்ச் சேருவது முக்கியமா? மொழி மீட்பு பற்றி 1991-ல் பெருநூல் எழுதிய ஜோஷுவா ஃபிஷ்மன் இதற்கு அன்றே பதில் சொன்னார்: தலைமுறைக்குத் தலைமுறை வீட்டில் கைமாறுவதுதான் அடித்தளம், அது இல்லாமல் மேலே எதைக் கட்டினாலும் நிற்காது.

கேலிக்குக் கிடைத்த சட்டமும் வாரியமும் நம் தக்னிக்குக் கிடைக்கப்போவதில்லை. கிடைத்திருந்தாலும் போதாது என்பதைத் தீவுகள் காட்டுகின்றன. ஆனால் தீவுகளுக்குக் கிடைக்காத ஒன்று நம்மிடம் இருக்கிறது: இன்னும் தக்னியில் கேள்வி கேட்கும் நானிமாக்கள், ஆயிரக்கணக்கில், நெருக்கமான தெருக்களில், கூட்டுக் குடும்பங்களில்.

தமிழுக்கு எதிரியா உருது?

இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டுப் போகமுடியாது. நான் தமிழ் எழுதிப் பிழைப்பவன். தமிழ்நாட்டில் வளரும் ஒவ்வொரு பிள்ளையும் தமிழைத் திருத்தமாகக் கற்கவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. தமிழ் தெரியாமல் இங்கே ஒரு பிள்ளை வளர்ந்தால் நாளை அரசு வேலைக்கும் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அது தடுமாறும்.

அதே சமயம், 1938-லும் 1965-லும் தாய்மொழிக்காகத் தெருவில் இறங்கிய மக்கள் நாம். தாய்மொழி என்றால் என்ன, அதைப் பறித்தால் எப்படி வலிக்கும் என்பது நமக்குத் தெரியும். அரசியல் சட்டத்தின் 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யவேண்டும் என்கிறது. மற்ற மாநிலங்களில் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அந்த உரிமையைக் கேட்கும் நாம், எதிர்வீட்டுப் பிள்ளைக்கும் அதைக் கேட்கவேண்டும்.

இரண்டும் சேர்ந்து வாழ்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு வாணியம்பாடியே சான்று. கவிக்கோ அப்துல் ரகுமான் இஸ்லாமியாக் கல்லூரியில் பல ஆண்டுகள் தமிழ்ப் பேராசிரியர். அவருடைய தந்தையும் தாத்தாவும் உருதுக் கவிஞர்கள். உருதின் கஜலைத் தமிழுக்கு அழைத்துவந்து அதற்கென்றே தொகுப்பும் தந்தார். 1999-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அந்தத் தமிழ்க் கவிஞர் உருதுக் காற்றிலும் மூச்சுவிட்டவர். அதனால் அவருடைய தமிழ் குறைந்துபோகவில்லை, வளம் கண்டது.

என்ன செய்யலாம்?

முதலாவது, மரியாதை. தக்னியைக் 'கொச்சை' என்று பள்ளியிலும் மேடையிலும் சொல்வதை நிறுத்தவேண்டும். பிள்ளை வீட்டிலிருந்து கொண்டுவரும் பேச்சின் மேல் ஏட்டு உருதை ஏற்றவேண்டும். அதை அழித்துவிட்டு எழுதக்கூடாது. செந்தமிழ் கற்ற பிள்ளை வேலூர்த் தமிழ் பேசுவது தவறில்லை என்றால் இதுவும் தவறில்லை.

இரண்டாவது, மடி. நியூசிலாந்தில் மாவோரி மக்கள் 1982-ல் 'மொழிக் கூடுகள்' தொடங்கினார்கள். மாவோரி பேசும் பாட்டிமார்கள் பச்சைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாள் முழுதும் தங்கள் மொழியிலேயே கொஞ்சினார்கள். ஆம்பூரிலும் மேல்விஷாரத்திலும் உருது பேசும் தெருக்களில் உள்ள அங்கன்வாடிகளில், தக்னியும் தமிழும் தெரிந்த ஒரு பெண்ணைப் பணியமர்த்தினால் போதும். பள்ளிவாசல் ஜமாத்துகள் நினைத்தால் அரசுக்குக் காத்திராமலே இதைத் தொடங்கலாம்.

மூன்றாவது, எழுத்து. நஸ்தாலிக் அழகான எழுத்து. சென்னையிலிருந்து 1927 முதல் வந்த 'முசல்மான்' நாளிதழைப் பல பத்தாண்டுகள் கையாலேயே எழுதி அச்சிட்ட ஊர் நம்முடையது. ஆனால் இன்றைய பிள்ளைகள் வாட்ஸ்ஆப்பில் தக்னியைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ அடிக்கிறார்கள். அடிக்கட்டும். தமிழ் எழுத்தில் தக்னிக் கதைகளும் பாட்டுகளும் புத்தகமாக வரட்டும். என் அம்மா போன்றவர்களும் படிப்பார்கள். கூடவே நஸ்தாலிக்கும் கற்றுத்தரவேண்டும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வி என்ற அரபுத்தமிழ் மறைந்தபோது, காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் தாத்தா சேர்த்த நூல்களைப் பேரனால் படிக்கமுடியாமல் போனது. எழுத்தை விட்டால் நூலகம் பூட்டிக்கொள்ளும்.

நான்காவது, பதிவு. கல்யாணத்தில் பெண்கள் பாடும் பாட்டு, தாலாட்டு, விடுகதை, பழமொழி, தோல் ஷாப்பில் மட்டும் வழங்கும் தொழில் சொற்கள்: இவற்றைத் தெரிந்தவர்கள் எழுபது தாண்டியவர்கள். வாணியம்பாடி, ஆம்பூர், மேல்விஷாரம் கல்லூரி மாணவர்கள் ஆளுக்கொரு பாட்டியைப் போனில் பதிவு செய்தாலே பெரிய புதையல் சேரும். தமிழ்த்துறையும் உருதுத்துறையும் சேர்ந்து செய்யவேண்டிய வேலை இது.

ஐந்தாவதாகத்தான் ஆசிரியர் நியமனமும் பாடப்புத்தகமும் தேர்வும். அவை அவசியம், அரசைக் கேட்டு வாங்கவேண்டும். ஆனால் அவை கிடைக்கும்வரை முதல் நாலையும் தள்ளிவைக்கக்கூடாது.

பதில் சொல்ல ஆள்

பொங்கல் முடிந்து கிளம்பும் நாளில் நானிமாவிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பெரிய பேத்தி சென்னையிலிருந்து குழந்தையோடு வந்திருந்தாள். இரண்டு வயசு. தாய் மடியில் வைத்துக்கொண்டு இட்லி ஊட்டினாள். "ஒரே வாய் செல்லம், தங்கம் இல்ல?" என்று தமிழில்தான் கெஞ்சினாள். குழந்தை தலையைத் திருப்பிக்கொண்டு, கையால் தட்டிவிட்டு, தெளிவாகச் சொன்னது: "நக்கோ!"

யார் சொல்லிக்கொடுத்தது என்று தாய் திகைத்துப் பார்த்தாள். நாலு நாளாகக் குழந்தை நானிமாவின் பக்கத்தில்தான் படுத்துத் தூங்குகிறது. ராத்திரி என்ன கதை கேட்டதோ, என்ன பேச்சு விழுந்ததோ. நாலே நாள்!

நானிமா கிட்டே நகர்ந்து வந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டார். "காய்கு நக்கோ பேட்டா?" என்று கேட்டார். குழந்தை அவரைப் பார்த்தது, வாயைத் திறந்தது. தாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் அந்தக் குழந்தை சென்னைக்குப் போய்விடும். அங்கே அது மறுபடி 'நக்கோ' என்று சொல்லும்போது, ஏன் என்று அதே மொழியில் திருப்பிக் கேட்க வீட்டில் ஓர் ஆள் இருக்கவேண்டும்.